பத்தொன்பது நிமிட மௌனம்

மனித குலத்தின் செவிப்புலன் இனி பழையபடி இருக்கப்போவதில்லை என்று துண்டறிக்கை அறிவித்தது. அந்த மாபெரும் திருப்பம் நவம்பர் பதினேழாம் தேதி மாலை ஆறு மணிக்கு, கோஎன்ஜி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சலூனுக்குக் கீழேயுள்ள நிலவறையில் தொடங்கியது. மனித குலத்தின் சார்பில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஏழு பேர் அன்று இரைச்சலிசை வாசிக்க வேண்டியவர்கள். எட்டாவது ஆள் அவர்களில் ஒருவருடைய மனைவி.

ஆறே முக்காலுக்கு, ஐம்பத்தோரு வயதான தெட்சுரோ தன் கருவிகள் பரப்பிய தாழ்ந்த மேசைக்கு முன்னால் மண்டியிட்டு ஒரு திருகைக் கால் சுற்று திருப்பினான். ஒலிபெருக்கிகளில் ஒரு மூச்சு எழுந்தது, விழுந்தது, யோசித்து மறுபடி எழுந்தது. துண்டறிக்கையில் அதற்குப் பெயர் ‘கடல்’. உண்மையில் அது அவனுடைய அப்பா.

அப்பா நகானோவில், மிதிவண்டியில் பதினைந்து நிமிடத் தொலைவில், வீட்டில் படுத்திருந்தார். இன்றோ நாளையோ என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் தெட்சுரோ அவர் தலையணையருகே ஒலியை இணையத்தில் அனுப்பும் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, அதன் வயரைச் சுவர் பிளக்கில் செருகியபோது அக்கா சாதோமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“இது எதுக்குடா?”

“அங்கிருந்தே அப்பா மூச்சைக் கேட்டுட்டு இருப்பேன்க்கா. ஏதாவது ஆச்சுன்னா எனக்குத்தான் முதல்ல தெரியும். பதினஞ்சே நிமிஷம், வந்து நிப்பேன்.”

“போகாம இருந்தா இன்னும் சீக்கிரமா வரலாமே.”

அந்த மூச்சை அங்கே மற்றவர்களும் கேட்கப்போகிறார்கள் என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

அப்பா நாற்பது வருடம் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்தவர். மகனுடைய நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு முறை வந்து, கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். “கம்ப்ரசர் போயிடுச்சுடா. நாளைக்குக் கொண்டுவா, பாக்குறேன்” என்றார். தொலைபேசியில் யார் புலம்பினாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “முனகி முனகி நின்னுச்சா, பொசுக்குனு நின்னுச்சா? பொசுக்குன்னா முதல்ல பிளக்கைப் பாருங்கம்மா.” சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள்.

ஓவியர் நகிசா, விளக்கின் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் மையைச் சொட்டினாள். சுவரில் அதன் நிழல் மூச்சோடு சேர்ந்து விரிந்தது, சுருங்கியது. ஆறு ஐம்பத்தெட்டுக்கு, உள்ளே போன ஒரு மூச்சு வெளியே வரவில்லை. பொசுக்கென்று நின்றது.

தெட்சுரோவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் வாசித்துவந்த இருபத்தாறு வருடத்தில் இப்படியொரு மௌனம் அவனுக்கு வாய்த்ததில்லை.

கலைஞர் மேசையிலிருந்து கையை எடுக்கும்வரை யாரும் இருமக்கூடாது என்பது அந்த நிலவறையின் சட்டம். அவன் கையை எடுக்கவில்லை. மேலே சலூனில் முடி உலர்த்தும் சத்தம் கேட்டது. யாருக்கோ வயிறு இரைந்தது. அதுவும் படைப்பின் பகுதி என்று எண்ணி இருவர் தலையசைத்தார்கள். நகிசா ஒரே ஒரு கருப்புச் சொட்டை விட்டாள். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. வெளிச்சம் அந்தக் கன்னத்தில் விழுந்ததால் துடைக்காமல் விட்டான்.

பத்தொன்பது நிமிடம் கழித்துக் கையை எடுத்தான்.

“என்னங்க அது? கடலே செத்துப்போன மாதிரி இருந்துச்சு” என்றாள் நகிசா.

“எங்கப்பா. இப்பத்தான்.”

மற்ற பத்துப் பேரும் குனிந்து வணங்கினார்கள். அவனுக்குப் பின் வாசிக்க வேண்டிய நால்வரும் மரியாதைக்காகத் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். நிலவறை முதலாளி ஓகுமா பீர் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். இது அங்கே நடந்ததே இல்லை.

“பதிவு பண்ணியிருக்கீங்களா?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

“முழுசா இருக்கு” என்றான் தெட்சுரோ. பதில் அவ்வளவு வேகமாக வந்தது அவனுக்கே பிடிக்கவில்லை.

கைபேசிகளையெல்லாம் வாங்கிப்போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவிலிருந்து தன்னுடையதை எடுத்துப் பார்த்தான். அக்கா ஏழு முறை அழைத்திருந்தாள். என்ன சொல்வாள் என்று தெரியும். அவள் வாயால் அதைக் கேட்கத் தைரியமில்லை. இனி ஓடிப்போய் என்ன ஆகப்போகிறது? கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். ஓகுமா மூன்றாவது பீரை நீட்டியபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பது.

பத்தேகாலுக்கு வீட்டுக்கு வந்தான். அப்பாவின் முகத்தில் வெள்ளைத் துணி. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், நுனியில் பஞ்சு சுற்றிய குச்சி. பஞ்சு இன்னும் காய்ந்தே இருந்தது.

“கடைசித் தண்ணியை மகன் நீதான் முதல்ல உதட்டுல வைக்கணும். அதான் காத்திருந்தேன்” என்றாள் சாதோமி.

அவன் துணியை விலக்கினான். பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றினான். தன் வாயின் பீர் வாடை அவர்மேல் படாமலிருக்க மூச்சை அடக்கிக்கொண்டான்.

“நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன்க்கா. ஆறு ஐம்பத்தெட்டு. மூச்சு நின்னது அங்க கேட்டுச்சு.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆறு ஐம்பத்தெட்டா? அப்ப நர்ஸ் சளி உறிஞ்சி எடுக்க வந்தாங்கடா. அவங்க மிஷினுக்குப் பிளக் பாயிண்ட் இல்ல. உன்னோடதைத்தான் பிடுங்கினேன்.”

அவன் குச்சியைக் கிண்ணத்தின்மேல் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது.

“சளி போனதும் கண்ணைத் திறந்துட்டார். தெட்சு எங்கன்னு கேட்டார். எத்தனை தடவை கூப்பிட்டேன் உன்னை! வந்துட்டே இருக்கான்ப்பா, வந்துட்டே இருக்கான்ப்பான்னு நான் பாட்டுக்குச் சொல்லிட்டே இருந்தேன்.”

சுவரோரமாகப் பாயில் அவனுடைய வெள்ளை வயர் கிடந்தது. அலமாரிமேல், மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாள் இருந்தது. அதில் இறந்த நேரம் எட்டு நாற்பத்திரண்டு.