மூன்றாம் படியில் மார்ட்டின்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு நோர்வேயில், குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கிடைத்தது. சொன்னவர் மரியரஞ்சனி, ரொம்மனில் எங்களுக்கு மேல்மாடியில் இருப்பவர். கதையோ அயர்லாந்தின் மேற்குத் தீவுகளின் கடலோடி ஒருவரைப் பற்றியது. அந்தத் தீவுகளை நான் பார்த்ததில்லை. மரியரஞ்சனியும் பார்த்ததில்லை.

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்: 'யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடலின் மகளான மரியரஞ்சனியின் நரம்புகளில் உப்பு…'

வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

"எங்கட ஐயாதான் கடலுக்குப் போனவர். நான் கரையிலை நிண்டனான். நீச்சலே இஞ்சை வந்துதான் பழகினது, மகளோடை."

அந்த வாக்கியத்தை அழிக்கவில்லை. என் வெட்கம் அங்கேயே கிடக்கட்டும்.

2

2003ஆம் ஆண்டு. மரியரஞ்சனி வேலை செய்த முதியோர் இல்லச் சமையலறையில் அந்த அயர்லாந்துக்காரர் மார்ட்டினும் வேலை செய்தார். ஐம்பத்தெட்டு வயது, கடல்நீலக் கண்கள் [இல்லையாம், பழுப்பு]. குளிர்காலம் முழுக்கத் தன் கராஜில் தங்கள் தீவு வள்ளம், ஒரு துடுப்புப் படகு, கட்டினார். மெல்லிய மரச்சட்டங்கள், அதன்மேல் தார் பூசிய கன்வஸ் துணி. பலகையே கிடையாது.

"துணியிலையோ கடலுக்குப் போறது?" என்று கேட்டார் மரியரஞ்சனி.

"எங்கட தீவிலை ஆடு, பண்டியெல்லாம் இதிலைதான் போகும். காலைக் கட்டிப்போட்டு."

(இருவரும் பேசியது நோர்வேஜிய மொழி. யாழ்ப்பாணத் தமிழை மார்ட்டினுக்கு நான்தான் கொடுத்தேன். பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.)

3

யூன் மாத ஞாயிறு ஒன்றில் துறைமுகத்துக்கு எதிரே உள்ள சிறு தீவுக்கு இருவரும் போனார்கள். திரும்பும் வழியில் வள்ளம் பாறையொன்றில் உரசி, ஒரு சாண் நீளத்துக்குத் துணி கிழிந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. மார்ட்டின் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, ஓட்டையில் அடைத்து, குதிக்காலால் மிதித்துக்கொண்டார். கைகள் பழகிய வேலையைச் செய்தன. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"இல்லை. எங்கட தீவிலை ஒருத்தரும் பழகிறதில்லை. வள்ளம் கவிண்டா, கெதியா, இழுபடாமல் முடியட்டும் எண்டு."

குதிக்காலை இன்னும் அழுத்திக்கொண்டு சொன்னார்: "என்ரை தம்பி கரையிலை இருந்து முப்பது அடியிலை மூழ்கிப் போனவன். ஊர் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டது. நானும்."

[தம்பி என் கற்பனையில்லை. நானாக இருந்தால் அவனை நடுக்கடலில், புயலில் வைத்திருப்பேன். முப்பது அடி எனக்குத் தோன்றியிராது.]

மரியரஞ்சனி துடுப்புகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மார்ட்டினின் மிதவை அங்கி இருக்கைக்கு அடியில் கிடந்தது.

"அதைப் போடுங்கோ. அப்பதான் வலிப்பன்."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போட்டுக்கொண்டார். அவர் சட்டையை மிதித்தபடி இருக்க, மரியரஞ்சனி தனியாக வலித்துக் கரை சேர்த்தார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன.

4

திங்கட்கிழமை, மார்ட்டின் உருளைக்கிழங்கு உரிக்கும் மேசையில் மரியரஞ்சனி ஓர் அறிவித்தலைக் கொண்டுபோய் வைத்தார்: பெரியவர்களுக்கு நீச்சல் வகுப்பு, வியாழன்தோறும். மார்ட்டின் அதை மடித்துப் பையில் போட்டார். மரியரஞ்சனி நீச்சல்குளத்தில் காத்திருந்த மூன்று வியாழன்கள் அவர் வரவில்லை. நான்காவதில் புது நீச்சல் காற்சட்டையோடு வந்து நின்றார். குளத்தின் படிகளில் இறங்கினார். மூன்றாம் படி, முழங்கால்வரை தண்ணீர்.

இதற்குமேல் நான் எழுதியவை: அவர் நீந்துகிறார் (இனிப்பு கூடிப்போயிற்று). அவர் திரும்பிப் போகிறார் (கெட்டிக்காரத்தனம் காட்டுகிறேன்). அவர் தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டு… (வேண்டாம்.)

"அக்கா, உண்மையிலை என்ன நடந்தது?"

"அது அந்த மனுசன்ரை விசயம். நீர் ஏன் எழுதுறீர்?"

ஒன்றை மட்டும் சொன்னார். மூன்றாம் படியில் நின்ற மார்ட்டின் குனிந்து, கையால் தண்ணீரை அளைந்து பார்த்தாராம்.

"இது சூடாயெல்லோ இருக்கு," என்றாராம், யாரோ தன்னை இவ்வளவு காலமும் ஏமாற்றிவிட்டதுபோல.

மரியரஞ்சனி கீழே நெஞ்சளவு தண்ணீரில் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் இங்கேயே விடுகிறேன். அடுத்த படியில் மார்ட்டினை இறக்குவதா என்பது உங்கள் பாடு. இறக்குவதென்றால் அவசரப்படுத்தாதீர்கள். மூன்று படி இறங்க அவருக்கு ஐம்பத்தெட்டு வருசம் எடுத்திருக்கிறது.