கார்மேகத்துக்குப் பதிலாக ஆடிய பலகை

ஷார்ஜா தொழில்பேட்டையில் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளான பேலட்டுகளைப் பழுது பார்க்கும் யார்டு ஒன்றில், அமெரிக்காவிலிருந்து இயந்திரப் பெட்டியைச் சுமந்து வந்த பலகை பிப்ரவரி முதல் வாரத்தில் பதினோரு இலை விட்டது. புழுபூச்சி எதுவும் மிஞ்சக் கூடாதென்று சூளையில் சூடேற்றி, முத்திரை குத்தி அனுப்பிய பலகை அது. காற்றே புகாத கொட்டகையில் அந்த இலைகள் நிற்காமல் நடுங்கின. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் மேப்பிள் கட்டைகளுக்கு அடியில் மூன்றே இதழுள்ள வெள்ளைப் பூ ஒன்று முளைத்தது. அதைப் பறித்தால் மழை வரும் என்று அந்த நாட்டுக் காடுகளில் சொல்வார்களாம். தெரியாமல் ஒரு பெங்காலி பறித்துவிட, யார்டின் மேல் மட்டும் இரண்டு நாள் மழை கொட்டியது. எதிர் கராஜில் கார்களுக்குத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஃபோர்மேன் விமலுக்கு ஒரே சட்டம்: முளைத்ததைத் தொடாதே, வேலையைப் பார்.

கார்மேகத்துக்குத்தான் அந்த இலைகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் வலது கையும் அப்படித்தான் ஆடியது. பதினான்கு மாதத்துக்கு முன் ஆணி அடிக்கும் கன் நழுவி, எதிரே பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த ராமையாவின் உள்ளங்கையில் ஆணியை இறக்கிவிட்டது. ராமையா வேலையை விட்டு எட்டயபுரத்துக்கே திரும்பிப் போனார். போகும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இவனுக்கு ஆறியிருக்கும். அன்று பிடித்த நடுக்கம். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான், சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்தான். தினமும் ராமையாவின் எண்ணை அழுத்தி, மணி அடிக்குமுன் துண்டித்தான். அடிக்கிற ஆணியெல்லாம் கோணின. “இன்னும் ஒரு பேலட் திரும்பி வந்துச்சுன்னா விசா கேன்சல்தாண்ணே, என் கையில ஒண்ணுமில்ல” என்றான் விமல். கார்மேகத்தின் மகள் ஜோதிமணி நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம் கிடந்தது.

எதிரே மளிகை வைத்திருக்கும் கீழக்கரை மீராசா அந்த இலையைப் போனில் படம் பிடித்து, வந்ததைப் படித்துச் சொன்னார். “ஆஸ்பென்னு மரமாம், தம்பி. அந்தப் பக்கத்துல நடுக்குக் காய்ச்சல் வந்தவங்க தலைமுடில கொஞ்சம் வெட்டி, இதுல வச்சு ஆணி அடிப்பாங்களாம். எனக்குப் பதிலா நீ ஆடுன்னு சொல்லணுமாம். ஆட்டம் மரத்துக்குப் போயிருமாம்.” கடைசி ‘மாம்’ வாயை விட்டு வருமுன் கார்மேகம் கடைக் கத்தரியை எடுத்துவிட்டான். முடியை வைத்து, தன் வழக்கப்படி குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஆணி அடித்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். கை நின்றது. பலகை ஆட ஆரம்பித்தது.

மறுநாள் ஒரு ஆணிகூடக் கோணவில்லை. வேலை ஓடிய வேகத்தில், கைக்குக் கிடைத்த பலகையைப் போட்டு அடிக்கும் பழக்கத்தில், அந்தப் பலகையையும் ஒரு பேலட்டின் நடுவில் வைத்து அடித்து சவூதியின் யான்புவுக்கு ஏற்றிவிட்டான். அதன் மேல் ஏற்றிய எந்தச் சரக்கும் ஓரிடத்தில் நிற்கவில்லை. யான்புவில் சிமெண்ட் மூட்டைகள் வாசல் வரை நகர்ந்தன. குவைத்தின் ஃபஹாஹீல் கிடங்கில் எண்ணெய் டின்கள் சாலையைக் கடந்தன. யாருக்கும் அதை வைத்துக்கொள்ளப் பிடிக்காமல், பேரீச்சம்பழத்தோடு தூத்துக்குடிக்குக் கப்பலேற்றினார்கள். இங்கே கார்மேகம் கல்லுப்பிள்ளையாராக இருந்தான். ஜோதிமணி பரீட்சையில் முதலாவதாக வந்ததற்கு “சரி” என்றான். “யாருகூடப் பேசுறேன்னே தெரியலையே” என்று மனைவி உமாராணி போனிலேயே அழுதாள். அதற்கும் “சரி” என்றான். ராமையாவின் எண்ணை அழுத்தியே ஆறு மாதமாகிவிட்டது என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

ஆவணியில் அந்த எண்ணே அவனை அழைத்தது. ராமையா இப்போது தூத்துக்குடியில், துறைமுகத்தில் கழித்த பேலட்டுகளை வாங்கும் ஒரு விறகுக் கடையில் இருந்தார்.

“எலே மேகம், குறுக்கும் நெடுக்குமா ரெண்டு ஆணி. ஒன்னத் தவிர எவன் அடிப்பான்? உள்ள முடி வேற இருக்கு. பலகை கெடந்து துடிக்குலே, பாக்கச் சகிக்கல. புடுங்கவா, விடவா?”

பிடுங்கினால் என்ன ஆகும் என்று கார்மேகத்துக்குத் தெரியும். கை, வேலை, விசா, ஜோதிமணியின் படிப்பு. எல்லாவற்றையும் பதறாமல் யோசித்துப் பார்த்தான்.

“கை எப்படிண்ணே இருக்கு?”

“முழுசா மடக்க வரல. குறடு பிடிக்கலாம்.”

இதைக் கேட்டால் அழுகை வர வேண்டும் என்பது அவனுக்கு நினைவிருந்தது. வரவில்லை. அதுதான் அவனை முதல்முறையாகப் பயமுறுத்தியது.

“புடுங்கிருங்கண்ணே.”

இரண்டாவது ஆணி கழன்றபோது நடுக்கமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. யார்டு நடுவில் நின்று, இருபது மாதமாகச் சொல்லாத மன்னிப்பைக் கார்மேகம் சத்தமாகக் கேட்டான். ராமையா அவனை ஆசைதீரத் திட்டினார். அவன் நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

விமல் அவனிடமிருந்து கன்னை வாங்கிக்கொண்டு, பழைய பேலட்டுகளைப் பிரிக்கும் பக்கம் தள்ளிவிட்டான். துரு ஏறிய ஆணிகள் ஆடும் கைக்கு லேசாகக் கழன்று வருகின்றன. மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பிடுங்குகிறான். விசா புதுப்பித்தாகிவிட்டது. பலகையை ராமையா விறகுக் கடை வாசலில் ஊன்றினார். இப்போது அது மரமாகிக் கூரைக்கு மேல் போய்விட்டது. கடல்காற்றுக்கு அது அசைவதில்லை. கார்மேகத்துக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இலைகள் நடுங்கத் தொடங்கும். ராமையா தராசை வைத்துவிட்டு, மணி அடிக்குமுன்பே போனைக் கையில் எடுத்துக்கொள்வார்.