நாற்பது விநாடி நடை

பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் வானொலியில் பேசிக்கொள்வதை நாங்கள் தினமும் காலையில் கேட்பதற்கு, ஒட்டுக்கேட்டல் என்று பெயர் வைத்தாள் என் மருமகள் பிரியம்வதா. சொல் பிழையானது. ஒட்டுக்கேட்பவன் ஒளிந்திருப்பான், நானும் அரியரட்ணமும் ஒளிவதில்லை. அவருடைய கராஜின் கதவை முழுவதும் உயர்த்தி வைத்து, இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, தெரு பார்க்கவே கேட்கிறோம்.

அரியரட்ணம் பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்தவர், இருபத்திரண்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்தவர். அந்தப் பழக்கம் விடாமல், பிறர் வானொலிப் பேச்சைப் பிடித்துத் தரும் ஸ்கேனர் என்னும் ஒரு சிறு கருவியை வாங்கி வைத்திருக்கிறார். நான் தாராபுரத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏப்ரலில் கடல் கடந்து, பேர்லேண்டு என்னும் இந்த ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தேன். கார் ஓட்டத் தெரியாதவனுக்கு இந்த ஊரில் கால் இல்லை. பகல் முழுவதும் எனக்கு வாய்த்த இடம் அந்தக் கராஜ் ஒன்றுதான்.

"கேக்கிறது குற்றமில்லை மாஸ்டர், அதுக்குள்ள நாங்கள் கதைச்சால்தான் குற்றம்" என்று முதல் நாளே அரியரட்ணம் சட்டத்தை விளக்கிவிட்டார்.

எனக்கு அதில் பிடித்தது ஒரே ஒரு வழக்கம். குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்டிகளை நிறுத்திவைக்கும் நிலையத்துக்குத் திரும்பும் ஒவ்வோர் ஓட்டுநரும் முதலில் தம் தட எண்ணைச் சொல்லி, "நிலையம்" என்று அறிவிக்க வேண்டும். பிறகு இருக்கையை விட்டு எழுந்து, கடைசி வரிசை வரை நடந்து, ஒவ்வோர் இருக்கையின் மேலும் கீழும் பார்த்து, திரும்பி வந்து, "பார்த்தாயிற்று, காலி" என்று சொல்ல வேண்டும். உறங்கிப்போன குழந்தை எவரும் உள்ளே இல்லை என்பதற்கு அந்த ஒரு வாக்கியந்தான் சான்று. இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே எத்தனை விநாடி ஆகிறது என்று நான் எண்ணி ஒரு நோட்டில் எழுதிவந்தேன். சிலர் இருபத்தைந்து விநாடியில் முடித்தார்கள், சிலர் பதினைந்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாராபுரத்தில் தலை நிமிராமல் நாற்பது பேருக்கும் வருகை போட்ட ஓர் ஆசிரியரிடம் நான் எழுத்து மூலம் விளக்கம் கேட்டவன்.

"ஓய்வெடுத்தும் இடாப்புக் கூப்பிடுறதை விடேல்லை நீங்கள்" என்பார் அரியரட்ணம். வருகைப் பதிவேட்டுக்கு அவர்கள் ஊரில் இடாப்பு என்று பெயர். "பிள்ளையள் போதாதெண்டு இப்ப பஸ்ஸுக்கும் ஆஜர்."

"பதினஞ்சு விநாடியில கடைசி சீட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்ப முடியுமாங்க? நீங்களே சொல்லுங்க."

"எனக்கு முழங்கால் நோகுது. என்னைக் கேக்காதேங்கோ."

குறை சொல்ல இடமில்லாதவர் 318-ஆம் தடத்தின் ஓட்டுநர் ஒருவரே. கனத்த குரலுள்ள பெண்மணி. முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு. ஒரு நாளும் முப்பத்தெட்டுக்குக் குறைந்ததில்லை. என் பேத்தி வெண்பா போவதும் அவருடைய பேருந்தில்தான். ஐந்து வயது.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தைய இரவு வெண்பாவுக்கு இருமல், சரியாக உறங்கவில்லை. காலை ஏழேகாலுக்கு நிறுத்தத்துக்கு வந்தது வழக்கமான பேருந்தன்று. பக்கவாட்டில் 90 என்று எழுதியிருந்த ஒரு பழைய வண்டி. "என் வண்டிக்கு உடம்பு சரியில்லை, செல்லம்" என்று ஓட்டுநர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். வெண்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனாள். அவள் எப்போதும் அங்கேதான் உட்காருவாள்.

எட்டு மணிக்கு மேல் வானொலியில் ஒரே பரபரப்பு. ஓர் ஓட்டுநர் வேலைக்கு வரவில்லை. நிலையத்தில் வானொலியைக் கவனிக்கும் பெண்மணி 318-ஐ அழைத்து, வண்டியை நிறுத்திவிட்டு உடனே வெள்ளை வேனை எடுத்துக்கொண்டு வேறொரு பள்ளியின் பிள்ளைகளை ஏற்றப் போகும்படி கேட்டார். அவர்கள் நிறுத்தங்களில் நின்றுகொண்டிருக்கிறார்களாம். இருவர் வேலையை ஒருவர் தலையில் கட்டுவதற்கு இங்கேயும் ஒரு கனிவான குரல் இருக்கிறது.

எட்டுப் பன்னிரண்டுக்கு 318 பேசினார். "நிலையம்."

நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

"பார்த்தாயிற்று, காலி. வேனுக்குப் போகிறேன்."

என் பேனா தாளின் மேல் நின்றது.

"என்ன மாஸ்டர், பேனை எழுதுதில்லையோ?"

"மூணு விநாடிங்க."

"பிழையா எண்ணியிருப்பியள்."

"எண்ணுனதுல தப்பில்லைங்க. அந்தம்மா சீட்டை விட்டே எந்திரிக்கலை."

"பள்ளிக்கூட வாசல்லையே பாத்திருப்பா."

"பாத்திருந்தா அங்கயே சொல்லியிருப்பாங்கள்ல? சொல்லலையே. இன்னிக்கு வெண்பா தூக்கக் கலக்கத்துல ஏறுனாளுங்க. கடைசி வரிசை."

அரியரட்ணத்தின் முகத்திலிருந்து சிரிப்புப் போயிற்று. கராஜின் வாசலில் வெயில் அதற்குள்ளேயே வெள்ளையாக நின்றது. கண்ணாடி மூடிய வண்டி, நிழலில்லாத நிலையம், குழந்தை வராவிட்டால் பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செய்தி வருவதோ பத்து மணிக்கு. வெண்பா காய்ச்சலில் படுத்த நாளில் அதைப் பார்த்திருக்கிறேன். என் விரல் இரண்டு முறை தவறான எண்ணைத் தொட்டது. மூன்றாம் முறை பிரியம்வதா எடுத்தாள்.

"மாமா, மீட்டிங்ல இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க."

"வெண்பா பள்ளிக்கூடத்துல எறங்கிட்டாளான்னு பாரும்மா. உடனே பாரு."

"ஏன், என்னாச்சு? ஒரு நிமிஷம்... ஆப் ஓப்பன் ஆகுது..." அவள் மூச்சு எனக்குக் கேட்டது. "ப்ரெசன்ட் மாமா. டீச்சர் மார்க் பண்ணிட்டாங்க. க்ளாஸ்லதான் இருக்கா. ஐயோ, பயமுறுத்திட்டீங்களே!"

"அப்படியா. சரிம்மா. சரி."

"அந்த ரேடியோவைக் கேட்டுக் கேட்டு நீங்களே டென்ஷன் ஏத்திக்கறீங்க. 911-க்கெல்லாம் கால் பண்ணிடாதீங்க, ப்ளீஸ். நீங்க விசிட்டர் விசால இருக்கீங்க. நம்ம குழந்தை ஸேஃப், அவ்ளோதான். வெச்சுடட்டுமா?"

வைத்துவிட்டாள். அரியரட்ணம் பிளாஸ்க்கைத் திறந்து, "இந்தாங்கோ, கோப்பியைக் குடியுங்கோ, முகம் வெளிறிப் போச்சு" என்றார். வாங்கிக் குடித்தேன். அவர் கப்பலில் நடந்த ஏதோ ஒரு வேடிக்கையைச் சொன்னார். நான் சிரிக்கவும் செய்தேன். இரண்டாம் முறையும் ஊற்றச் சொன்னேன்.

காபி முடிந்ததும் விட்டுப்போன கணக்கை எழுத நோட்டை எடுத்தேன். 318-க்கு நேரே அந்த வாரமும் அதற்கு முந்தைய வாரமும் வரிசையாக இருந்தன: 41, 38, 44, 40. அவற்றின் கீழே 3 என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகே அந்த எண் எனக்கு விளங்கிற்று. வெண்பா வகுப்பில் இருப்பதால் அந்த 3 மாறிவிடவில்லை. அந்தப் பேருந்தில் ஐம்பது குழந்தைகள் ஏறியிருந்தார்கள். நான் ஒரே ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிவேட்டை மூடியிருந்தேன்.

மற்றக் குழந்தைகள் என்ற சொல் மருமகளிடம் பேசும்போது என் வாயில் வரவே இல்லை.

"அரியரட்ணம், போக்குவரத்து ஆபீஸ் நம்பர் எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்குதுங்க."

"எங்கை ஓடுறியள்? மாஸ்டர்! மெதுவா!"

மீண்டும் கராஜுக்கு ஓடிவந்து அழைத்தபோது மணி எட்டு முப்பத்தொன்பது. தொலைபேசியை எடுத்த குரல், நான் தினமும் காலையில் கேட்டுவரும் அதே நிலையப் பெண்மணியின் குரல். என் ஆங்கிலத்தில் சொன்னேன்: அம்மையே, தொண்ணூறாம் எண் பேருந்து மூன்று விநாடியில் சோதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது; அது இயலாத செயல்; தயவுசெய்து மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

"ஐயா, நீங்கள் யார்?"

"ஒரு மாணவியின் தாத்தா. உங்கள் வானொலியைக் கேட்பவன்."

ஏதோ பைத்தியம் என்று வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மேசைமேல் இருந்த ஸ்கேனரில் அவர் குரல் கேட்டது: "நிலையத்தில் யார் இருக்கிறீர்கள்? தொண்ணூறை எனக்காக ஒரு முறை நடந்து பாருங்கள்."

"நான் பார்க்கிறேன்" என்றது ஓர் ஆண்குரல். பழுது பார்ப்பவராக இருக்க வேண்டும்.

எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினேன். இருபது. முப்பது. அரியரட்ணம் ஒலியைக் கூட்டினார்; இரைச்சல்தான் கூடிற்று. ஐம்பது. காலியாக இருக்கட்டும், என்னைப் பைத்தியம் என்று சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எழுபது.

"ஒரு குழந்தை." அந்த ஆண்குரல் உடைந்திருந்தது. "கடைசி வரிசை. சிறு பெண். விழித்திருக்கிறாள். வியர்வையில் முழுவதும் நனைந்திருக்கிறாள். தண்ணீர் கொண்டுவாருங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்."

அரியரட்ணம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போது எவரும் அழைக்காமலே இன்னொரு குரல் வந்தது. வேனில் போய்க்கொண்டிருந்த 318.

"அது என்னுடைய வண்டியா?"

அவரே மீண்டும் கேட்டார்.

"நிலையம், அது என்னுடைய வண்டியா?"

"சாலையைப் பார்த்து ஓட்டு, கண்ணே" என்றார் நிலையப் பெண்மணி. "பிள்ளைகளை இறக்கிவிட்டு வா. பேசிக்கொள்வோம்."

அந்தக் குழந்தைக்கு நான்கு வயது என்றும், மருத்துவமனையில் பார்த்துவிட்டு மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் பள்ளியிலிருந்து பெற்றோர் அனைவருக்கும் மின்னஞ்சல் வந்தது. 'ஊழியர்களின் விழிப்புணர்வால்' குழந்தை உடனே கண்டுபிடிக்கப்பட்டதாம். உடனே! சொல்லுக்குப் பொருள் உண்டென்று எண்ணாதவர்கள் எழுதிய கடிதம். பிரியம்வதா அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள். "சாரி மாமா. அப்போ நானும் மத்த குழந்தைங்களைப் பத்தி யோசிக்கவே இல்ல" என்றாள். அந்த 'நானும்' என்பதிலிருந்த உம்மை என்னையும் சேர்த்ததா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் 318 என்று சொன்னது வேறொரு குரல், ஓர் இளைஞன். அந்தப் பெண்மணி என்ன ஆனார் என்று வானொலியில் எவரும் பேசவில்லை. அன்று எல்லா வண்டிகளும் ஐம்பது விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டன.

"ஐம்பத்திரண்டு செக்கன்" என்றார் அரியரட்ணம், என் நோட்டைப் பார்த்தபடி. "எழுதுங்கோ மாஸ்டர். என்ன யோசினை? நீங்கள் இல்லாட்டி அந்தப் பிள்ளை..."

"இருபத்தேழு நிமிஷமுங்க. எட்டுப் பன்னெண்டுல இருந்து எட்டு முப்பத்தொம்பது வரைக்கும்."

அவர் பிளாஸ்க்கை நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார். "அதில பாதி என்ரை கோப்பிக்கு" என்றார் பிறகு.

முந்தைய நாள் பக்கத்தைத் திருப்பினேன். 3 என்ற எண்ணுக்கு எதிரே, குறிப்பு எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அதில் இரண்டு நேரங்களையும் எழுதி, அவற்றுக்கு நடுவே, 'கேட்டேன். காபி குடித்தேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு ஐம்பத்திரண்டை எழுதினேன்.