குடும்பத்தில் முதலில் அழுதவர்

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் மேகலா.

பாட்டு வழங்கும் நிலையத்தில் பேச்சுச் சத்தம் நின்றது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பதினான்கு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்படித் திரும்ப வேண்டும் என்பது விதி. திரும்பியவர்கள் படிப்பதற்கு வசதியாக விதியைச் சுவரிலேயே எழுதியிருந்தார்கள்.

ஒரு அட்டைக்கு மாதம் ஒரு பாட்டு. ஒரு பாட்டு ஒரு தடவை. மேகலா பட்டம் வாங்கியதும் அவள் பெயருக்குத் தனி அட்டை வந்தது. அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள். அங்கே போய் நாற்காலி கேள், தண்ணீர் கேள், சண்டைகூடப் போடு, இரண்டாம் தடவை மட்டும் கேட்காதே. ஏன் என்று மேகலா கேட்டாள். கேட்டவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை என்றாள் அம்மா.

கவுன்டரில் இருந்த கமலவேணி ஹெட்போனைத் துண்டால் துடைத்துக் கொக்கியில் மாட்டினாள். நிதானமாகச் செய்தாள்.

"என்ன பாட்டு?"

"தகரக்கூரையோட நாலாம் ஷிப்ட்."

"அது ஒரு தடவை கேட்டாலே ஜாஸ்தி" என்றாள் கமலவேணி.

தகரக்கூரை என்பது நான்கு பேர் சேர்ந்த ராக் குழு. மேகலாவுக்கு வேறு குழு எதுவும் பிடிக்காது. மற்றவர்கள் மழையையும் நிலாவையும் பாடினார்கள். இவர்கள் 'தங்கச்சிக்கு வேலை கிடைச்சிருச்சு' என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். துள்ளலான மெட்டு. கேட்டு முடித்த பிறகு இரண்டு நாளைக்கு யார் முகத்தையும் பார்க்க முடியாது.

நாலாம் ஷிப்ட் அதைவிட மோசம். முதல் இரண்டு நிமிடம் பேஸ் கிட்டார் மட்டும்தான். ஓட்டுநர் இறங்கிப் போன லாரி தனியாக உறுமிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். பிறகு டிரம்ஸ் வரும், தகடு தட்டுகிற சத்தத்தில். மூன்றாம் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிறவனுக்கு வீட்டுக்குள்ளிருந்து ஆலைச் சங்கு ஊதுகிறது. அவ்வளவுதான் பாட்டு. நடுவில் ஓரிடத்தில் எல்லாக் கருவிகளும் நிற்கும். பாடகர் மூச்சை உள்ளே இழுப்பார். அடுத்த சொல் வர வேண்டும். வராது. அதற்குப் பதில் கிட்டார் வரும்.

அந்த மூச்சில்தான் மேகலா அழுதாள். அதில் விழுங்கிய சொல் ஒன்று இருந்தது. இன்னொரு தடவை கேட்டால் அது பிடிபட்டுவிடும் என்று தோன்றியது.

"அழுதியா அம்மிணி?" என்றாள் கமலவேணி.

"அழுதேன்."

"சத்தமாவா, சும்மாவா?"

"சும்மா."

கமலவேணி இரும்பு ஸ்கேலை எடுத்து மேகலாவின் துப்பட்டாவில் இருந்த ஈரத்தை அளந்தாள். ஏழு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டாள்.

"பாட்டுக்கு அழறது உங்க வீட்டுல நீதான் மொதலா?"

"தெரியலை."

"தெரியலைங்கிறதுக்குக் கட்டம் இல்ல."

பிறகு அவள் சலுகையை விளக்கினாள். ஒரு குடும்பத்தில் முதன்முதலில் பாட்டுக்கு அழுதவருக்கு அந்தப் பாட்டை ஆயுள் முழுக்கக் கொடுத்துவிடுவார்கள். இடது காதுக்குள் வைத்து அனுப்புவார்கள். வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே குடும்பத்தில் முன்பே ஒருவர் அழுதிருந்தால் சலுகை இல்லை, கேட்ட ஒரு தடவையையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கேட்ட நினைவுகூட இருக்காது. கோரிக்கையை வாபஸ் வாங்க முடியுமா என்று மேகலா கேட்டாள். வாயிலிருந்து வந்ததை எந்தக் கோப்பில் வைத்து வாபஸ் வாங்குவது என்று கமலவேணி திருப்பிக் கேட்டாள்.

மேகலாவுக்கு இது புதிதல்ல. பதினேழு வயதில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகப் பதினோரு நாள் இதேபோல் நின்றிருக்கிறாள். தாத்தா படிக்கவில்லை, பெரியப்பா படிக்கவில்லை, அப்பா படிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு குடும்பமே எழுதிக் கொடுத்தது. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அப்பா கட்டைவிரலில் மையோடு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தார். மேகலாவுக்குத்தான் அந்த மையைப் பார்க்க முடியவில்லை.

ஒன்பதாம் எண் அறைக்குப் போகச் சொன்னார்கள். அம்புக்குறி காட்டிய நடை மூன்று நாள் நீளம். முதல் நாள் தூரத்தில் ஒருத்தி துணி காயப்போட்டிருந்தாள். இரண்டாம் நாள் தூரத்தில் ஒரு குடும்பம் குடியேறிக் கதவிலக்கமும் வாங்கியிருந்தது. அவர்களும் விண்ணப்பம் கொடுக்க வந்தவர்கள்தான். மகனுக்கு இங்கேயே பெண் பார்த்தாகிவிட்டது என்றார்கள். மேகலாவுக்கு மோர் கொடுத்தார்கள்.

விசாரணை அலுவலர் திருவேங்கடத்துக்குக் காது இல்லை. அந்தப் பதவிக்கு அது தகுதி. காது உள்ளவர்கள் குரலைக் கேட்டு இரக்கப்பட்டுவிடுகிறார்கள். அவர் வாயசைவைப் படித்தே பதில் சொன்னார்.

"அப்பா இருக்காரா?"

"பாதி இருக்காரு."

"பாதி போதும். இடத்தப் பார்க்கணும்" என்று அவர் எழுந்தார்.

திரும்பும்போது நடை இருபது அடிதான் இருந்தது. அலுவலர் கூட வந்தால் அது நீளாது.

மேகலாவின் அப்பா சின்னராசு வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. போன தை மாதம் இடது தோளில் அலுமினியத் தகடு தெரிந்தது. யாரும் பதறவில்லை. அந்தப் பட்டறையில் ரொம்ப நாள் வேலை பார்த்தால் அப்படித்தான். சித்திரைக்குள் இடது பக்கம் முழுக்க ஜன்னல் வைத்தாகிவிட்டது. பின்னால் ஏணி வந்தது. வலது பக்கம் இன்னும் லுங்கிதான். முகமும் முகமாகவே இருந்தது.

கூட வேலை பார்த்த அருள்தாஸ் முன்பே முழு பஸ்ஸாகி, திண்டுக்கல் ரூட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் மேகலா தெரியாமல் அவரில் ஏறிவிட்டாள். சின்ன வயதில் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டவர். சீட்டில் உட்காரக் கூச்சமாக இருந்தது. திண்டுக்கல் வரைக்கும் நின்றுகொண்டே போனாள். அருள்தாஸ் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா ரூட்டுக்குப் போகாததற்கு ஒரே காரணம்தான். வண்டி ஓடத் தகுதிச் சான்று, எஃப்.சி., கிடைக்கவில்லை. வலது கண்ணுக்குக் கீழே ஒரு துருக்கோடு இருந்தது. கன்னம் வழியாகத் தாடை வரை இறங்கியிருந்தது. துரு இருக்கிற வண்டியை ரோட்டில் விட மாட்டார்கள்.

திருவேங்கடம் பூதக்கண்ணாடி வைத்து அந்தக் கோட்டைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். "இது அழுத துரு. பாட்டுக்கா?"

அப்பா மேகலாவைப் பார்த்தார். விஷயத்தை அவள் சொல்லியிருக்கவில்லை. அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. படிக்கத் தெரியாவிட்டாலும் படிவங்களை அவருக்கு அடையாளம் தெரியும்.

"பாட்டெல்லாம் இல்லீங்க. வெல்டிங் வெளிச்சம் கண்ணுல அடிச்சிருச்சு. எங்க வேலையில அது சகஜமுங்க."

"எப்ப?"

அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒன்று சொன்னதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவதற்கு அவரிடம் தெம்பு இல்லை.

"நாலு வருசம் முந்தி. ஆயுத பூசை அன்னிக்குங்க."

திருவேங்கடம் தேதியை எழுதிக்கொண்டார்.

மேகலாவுக்கு அந்த நாள் தெரியும். பட்டறைக்கென்று ஒரு பாட்டு அட்டை உண்டு. வருடத்துக்கு ஒரு பாட்டு, ஆயுத பூசை அன்று. அவள் சுண்டல் வாங்கப் போய்ப் பட்டறை கேட்டுக்கு வெளியே நின்றாள். அட்டை இல்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது. தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் சொற்கள் வரவில்லை, உறுமல் மட்டும் வந்தது. கேட் இடுக்கில் பார்த்தாள். வெல்டிங் மிஷினுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது. அன்றைக்கு எந்த மிஷினையும் தொட மாட்டார்கள். ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டார்கள். அப்பா மட்டும் வெல்டிங் முகமூடியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டார். அவர் விளையாடுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். உறுமல் நின்று, சத்தமே இல்லாத ஓரிடம் வந்தது. முகமூடிக்குக் கீழே அப்பாவின் தாடையிலிருந்து சட்டையில் சொட்டியது.

வீட்டுக்கு வரும் வழியில் மேகலா அது என்ன பாட்டு என்று கேட்டாள். ஏதோ தகரக்கூரையாம், கண்ணு, ஒரே இரைச்சல் என்றார் அப்பா. அன்றிலிருந்து அவள் அந்தக் குழுவைத் தேட ஆரம்பித்தாள்.

"ஆயுத பூசை அன்னிக்கு எந்த மிஷின் ஓடுச்சு?" என்று மேகலா திருவேங்கடத்திடம் கேட்டாள்.

"அது எனக்கு எதுக்கும்மா? அவரு சொல்லிட்டாரு. நீ ஆமான்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றார் அவர். மீதியையும் சொன்னார். வெல்டிங் கண்ணீர் என்று பதிவாகிவிட்டால் அது வேலையில் பட்ட கறை. நாளைக்கே ஆள் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவான். எஃப்.சி. தானாக வந்துவிடும். அவளுக்குப் பாட்டு, அவருக்கு ரூட்டு. ஒரே கோப்பில் இரண்டு வேலை முடிவதில் அவருக்குத் திருப்தி.

அம்மா ஏணியில் காயப்போட்டிருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்காமல், டிப்போ என்றால் நிழலாவது இருக்கும், இங்கே வெயிலில் நிற்கிறார் என்றாள். எடுத்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

"போடு கண்ணு" என்றார் அப்பா. "உனக்குப் பிடிச்ச பாட்டு. எனக்கென்ன, நான் அதை அன்னிக்கே மறந்துட்டேன்."

"அந்த மூச்சுக்கு அப்புறம் பாடகன் என்ன சொல்ல வந்தான்?" என்று மேகலா சட்டென்று கேட்டாள்.

அப்பா வாயைத் திறந்தார். மூச்சை உள்ளே இழுத்தார். சொல் வரவில்லை. ஏர் பிரேக் சத்தம் வந்தது. துருக்கோடு நனைந்தது.

கையெழுத்தை அலுவலகத்தில்தான் போட வேண்டும். மேகலா திருவேங்கடத்தோடு இருபது அடி நடந்து ஒன்பதாம் எண் அறைக்குப் போனாள். அவர் படிவத்தை மேசையில் விரித்து இரண்டு இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பாட்டைத் தயாராக வைத்திருந்தார்கள். பார்க்க எண்ணெய்போல இருந்தது. இடது காதைக் கழுவிக்கொண்டு வந்தாயா என்று கேட்டார்.

பட்டம் வாங்கியபோது அவள் குடும்பத்தில் முதல் ஆள். மேடையில் அப்படித்தான் சொன்னார்கள், கை தட்டினார்கள். அதற்காக அவளுக்கு முன்னால் இருந்த அத்தனை பேரையும் ஒன்றுமில்லாதவர்கள் என்று எழுதிக்கொடுத்திருந்தாள். ஒரு தடவை செய்தாயிற்று.

விண்ணப்பதாரர் குடும்பத்தில் முதலில் அழுதவரா என்ற கட்டத்தில் மேகலா 'இல்லை' என்று எழுதினாள். கட்டத்தை விட்டு வெளியே போய்த் தொடர்ந்து எழுதினாள். 'நான் இரண்டாவது. முதலில் அழுதவர் சின்னராசு, என் அப்பா. மிஷின் ஓடவில்லை.' பெருக்கல் குறி இல்லாத இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திருவேங்கடம் இரண்டு தடவை படித்தார்.

"பாட்டு போயிரும்."

"போகட்டும்."

"எப்பவுமே வராது. நீ கேட்டதே இல்லைன்னு ஆயிரும்."

"எழுதியாச்சு" என்றாள் மேகலா.

அவர் கிண்ணத்தைக் கழுவுதொட்டியில் சாய்த்தார். முதலில் கிட்டார் போனது. அப்புறம் தகடு தட்டுகிற சத்தம், அப்புறம் உறுமல். சங்கு எதற்காக ஊதியது என்பது போனது. பாடகரின் குரல் எப்படி இருந்தது என்று அவள் யோசித்தாள். ஒரு குரல் இருந்தது என்பதே போனது. அந்த மூச்சு மட்டும் கடைசியாக ஒரு நொடி நின்றது. பிறகு அதுவும் போனது. துப்பட்டாவில் ஏழு சென்டிமீட்டர் ஈரம் இருந்தது. எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. படிவத்தில் தன் கையெழுத்தில் இருந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டாள்.

"இதனால உனக்கு என்னம்மா லாபம்?" என்றார் திருவேங்கடம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மேகலா எழுந்தாள். கதவைத் திறந்தாள். இப்போது தனியாகப் போகிறாள் என்பதால் நடை மறுபடி மூன்று நாள் நீளத்துக்கு இருந்தது. இரண்டாம் நாள் தூரத்தில் கல்யாண மேளம் கேட்டது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியதை வெளியே வரும்போதே முடிவு செய்திருந்தாள். உப்புத்தாள்காரன் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து அப்பாவின் கன்னத்துத் துருவில் ஊற்ற வேண்டும். தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு. உப்புத்தண்ணி பட்டால் துரு சீக்கிரம் ஏறும், அப்புறம் எந்தக் கொம்பனும் எஃப்.சி. தர மாட்டான் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

அவள் நடந்தாள்.