மூன்று சிவப்புக் குறிகள்

கொரட்டூருக்கு மேற்கே, காலை பதினொன்றரை மணி வெயிலில், என் தள்ளுவண்டியின் திரையில் ஒரு கோடு எகிறி நின்றது. வண்டியைப் பின்னால் இழுத்து மறுபடி தள்ளினேன். அதே இடத்தில் மறுபடி எகிறியது.

தண்டவாளத்துக்குள் ஒலியை இறக்கி, உள்ளே குறை பட்டு எதிரொலி திரும்பித் திரையில் கோடாக எழுகிறதா என்று பார்ப்பது என் வேலை. பூந்தமல்லியில் அத்தா பித்தளைப் பாத்திரம் விற்றார். குடத்தைச் சுண்டினால் குடம் உண்மையைச் சொல்லிவிடும், விற்கிறவன்தான் சொல்லமாட்டான். தண்டவாளமும் குடம்தான். வார்க்கும்போதே உள்ளே கடுகளவு குறை தங்கிவிடும். ஒவ்வொரு சக்கரமும் மேலே ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுப் போகும். ஓர் அமுக்கு ஒன்றும் செய்யாது. லட்சக்கணக்கில் சேரும்போது கடுகு விரிசலாகும், விரிசல் உள்ளேயே வளரும். மேல்பக்கம் அதுவரை கண்ணாடியாக மின்னிக்கொண்டிருக்கும்.

எஞ்சினியர் சிவராமன் குடையோடு வந்தார். "இன்னா பாய், மறுபடியும் பேயா?"

போன மாதம் வேறோர் இடத்தில் நான் மூன்று பெருக்கல் குறி போட்டு, வெட்டிப் பார்த்தால் உள்ளே சுத்தம். அன்றிலிருந்து எனக்குப் பெயர் மூணு எக்ஸ் பாய். சொட்டுகூடக் குடிக்காதவனுக்கு ரம் பெயர். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வீட்டில் மனைவி வஹீதுன்னிசா இறந்து மூன்று வருடம். பேச்சுத் துணை என்றால் இந்த வண்டிதான். குறை கண்டால் கத்தும், அவ்வளவே.

சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டால் கண்காணிப்பு. மூன்று போட்டால் உடனே வெட்டு, அதுவரை ரயில்கள் ஊர்ந்து போக வேண்டும்.

"ஒண்ணு போடு பாய். அடுத்த சுத்துல பாத்துக்கலாம்."

"மூணு சார்."

"நடுவுல ரெண்டுன்னு ஒரு ரேட்டு வெச்சிருக்கலாம் இவனுங்க. சரி, போன சுத்துல இந்த எடம் நல்லாகீதுன்னு கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான்."

"உள்ள ஒண்ணும் இல்லன்னா, பேய் பாத்தேன்னு வண்டிய புடுங்குவாங்க. இருந்துச்சுன்னா, அப்ப கோட்ட உட்டேன்னு புடுங்குவாங்க. யாபாரி புள்ளதான நீ? எப்டி பாத்தாலும் நஷ்டம்."

கணக்கு சரி. அவருக்குத் தெரியாதது ஒன்று: அந்தச் சுற்றில் இந்த இடத்துக்குச் சற்று முன்னால் வண்டியின் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர் கசிந்தால்தான் ஒலி இரும்புக்குள் இறங்கும். குழாய் அரை கிலோமீட்டர் தள்ளி. கடைசி இருபது அடியை வறட்டு வண்டியாகவே தள்ளினேன். திரை சும்மா இருந்தது. அதைப் பார்த்து நல்லது என்று எழுதிவிட்டேன்.

அந்த நேரம் ஆவடி மின்சார ரயில் வர, ஒதுங்கி நின்றோம். படிக்கட்டெல்லாம் ஆள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தண்டவாளம் ஒரு நூல் அமுங்கி எழுந்தது. ரயில் போனதும் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

"உன் தலையெழுத்து," என்று சிவராமன் போனை எடுத்தார்.

மூன்று மணிக்கு ஆட்கள் அந்தத் துண்டை அறுத்தெடுத்து, சம்மட்டியால் நாலு போடு போட்டார்கள். இரண்டாகப் பிளந்தது. உள்ளே, கட்டைவிரல் ரேகைபோல வளையம் வளையமாக ஒரு வழவழப்பான வட்டம். நடுவில் கடுகு. வட்டத்துக்கு வெளியே பிடித்துக்கொண்டிருந்த நல்ல இரும்பு இரண்டு விரல் கனம். இத்தனை வளையமும் ஒரு சுற்றில் வந்ததல்ல.

சிவராமன் பதிவேட்டைத் திறந்தார். "போன சுத்துக்கு இன்னா எழுத, பாய்?"

"கடைசி இருபது அடி தண்ணி இல்லாம தள்ளினேன்னு எழுதுங்க."

"நெசமாவா?"

"நெசமா."

எழுதினார். ஆட்கள் பிளந்த துண்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வண்டியை மடக்கி லாரியில் ஏற்றினார்கள். நாளை முதல் அதை வேறொருவர் தள்ளுவார்.

புதுத் தண்டவாளத்தில் முதல் ரயில் ஒன்றரை மணி தாமதமாக ஊர்ந்து வந்தது. படியில் தொங்கிய ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "யோவ், உங்களால சாயங்கால ஷிப்டு போச்சு, ஆபீஸ்ல என் சோலி முடிஞ்சிதுய்யா!"

அன்று என்னிடம் பேசிய கடைசி ஆள் அவர்தான். "ஆமாங்க," என்றேன். அதற்குள் நான்கு பெட்டி கடந்திருந்தது.