இரண்டாவது ஜாதகர்மம்

நாற்பத்திரண்டு வயதில் லக்ஷ்மிநாராயணனுக்கு ஜாதகர்மம் நடந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் அப்பா தேனும் நெய்யும் தடவுகிற சடங்குதான். குழந்தைக்கு முன்நெற்றியில் வழுக்கை, கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை, கணுக்காலில் விலங்கு உரசிய தழும்பு. அப்பா ஸ்தானத்தில் உட்கார்ந்திருந்த கல்யாணராமனோ குழந்தையைவிட இளையவன். மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்தில் காப்பி ஹோட்டல் வைத்திருந்தான். கடை திறக்க நேரமாகிறதே என்று அவன் அவசரமாகத் தடவ, தேன் குழந்தையின் மோவாயில் வழிந்தது. சிரிக்க வேண்டிய காட்சி. ஆனால் தெருவுக்குப் பொதுவான மடத்தில் கூடியிருந்த ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. செத்துப்போனவன் திரும்பி வந்தால் ஊருக்குச் சிரிப்பு வராது, பயம்தான் வரும்.

அவன் செத்துப்போனது இப்படித்தான். எழுபதாம் வருஷம் மிளகும் சுக்கும் கயிறும் ஏற்றிக்கொண்டு கொச்சித் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒரு சரக்குக் கப்பலில் ஸ்டோர் குமாஸ்தாவாகப் போனான். ஆப்பிரிக்கக் கரைக்குச் சற்று இந்தப்பக்கம், புயலில் கப்பல் உடைந்தது. சிலரை வேறொரு கப்பல் காப்பாற்றியது. சிலருடைய உடல் கரை ஒதுங்கியது. லக்ஷ்மிநாராயணன் இரண்டிலும் சேர்த்தியில்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் வீட்டில் அவனுக்குக் கர்மம் பண்ணிவிட்டார்கள். உடல் இல்லாததால் புரச இலைகளைத் தர்ப்பையால் கட்டி ஓர் ஆளைச் செய்து, தலைக்குத் தேங்காய் வைத்து, மயானத்தில் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். பத்தாம் நாள் அவன் மனைவி கமலாக்ஷியின் கழுத்திலிருந்து தாலி இறங்கியது.

எழுபத்தேழில் ஒரு சாயங்காலம் அவன் எர்ணாகுளத்திலிருந்து படகேறி வந்து, சொந்த வீட்டு வாசலில் நின்றான். கதவைத் திறந்தவள், அக்காவுக்குத் துணையாக வந்து அங்கே குடியிருந்த அவன் மச்சினன் வெங்கிட்டுவின் மனைவி திரிபுரசுந்தரி. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. கமலாக்ஷி உள்ளிருந்து வந்தாள். வெளுத்த வாயில் புடவை, வெறும் நெற்றி. அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெங்கிட்டு யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிடங்கில் மேனேஜர், பொறுப்பான மனிதன். அத்திம்பேருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே புரோகிதம் பண்ணுகிற வாத்தியாரைக் கூப்பிட ஓடிவிட்டான். பாவம், அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? கொள்ளி போட்ட கை அவனுடையது.

வாத்தியார் அனந்தநாராயண சாஸ்திரிகள் வந்தார். உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்று தீர்ப்புச் சொன்னார்.

"கர்மம் ஆனவன் செத்தவன்தான். அதுல மாத்தமில்லை. ஆனா சாஸ்திரத்துல இதுக்கும் வழி இருக்காக்கும். திரும்பி வந்தவன் புதுசாப் பொறக்கணும். ஜாதகர்மம், நாமகரணம், பூணல் எல்லாம் மொதல்லேர்ந்து. அப்பறம் அதே பொண்டாட்டியைத் திரும்பக் கல்யாணம் கழிச்சுக்கணும். அதுவரைக்கும் ஆத்துக்குள்ள கேறப்படாது."

"எனக்குப் பொண்டாட்டி இருக்காளே, வாத்தியாரே," என்றான் லக்ஷ்மிநாராயணன்.

"செத்தவனுக்கு ஏது பொண்டாட்டி? பேசாம மடத்துல போய்க் கெட."

அப்படித்தான் அவன் மடத்தின் பின்னறையில் வந்து கிடந்தான். பூணூல் போட்டு ஆன பிற்பாடும் அங்கேதான் கிடந்தான், கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டுமே. நாமகரணத்தன்று என்ன பெயர் வைப்பது என்று ஒரு சர்ச்சை. பழைய பெயரில் போன பிண்டமெல்லாம் இனி யாருக்குச் சேரும் என்று ஒருவர் கேட்டார். கடைசியில் அதே பெயரை அவன் காதில் மூன்று தடவை ஓதினார்கள். மடத்துக்கு வந்து போனவர்கள் கேட்ட கேள்விகளும் அந்த ரகம்தான். மீன் சாப்பிட வேண்டி வந்ததோ? பூணூல் இருந்ததோ, அறுந்ததோ? தினமும் ஸ்நானம் உண்டோ? உயிர் எப்படித் தப்பியது என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழும்பவில்லை.

அவன் வயிற்றெரிச்சலே அதுதான். சொல்வதற்கு அவனிடம் ஏழு வருஷம் இருந்தது. சின்னப் படகில் மூன்று பேராக மிதந்து, செத்துவிட்டார்கள் என்று இரண்டு பேரைக் கடலில் தள்ளிவிட்டு ஒருவனாக மிஞ்சியது. மீன்பிடிக்கிறவர்கள் தூக்கிக் கரையில் போட்ட தேசத்தில் அப்போது உள்நாட்டுச் சண்டை. காகிதம் ஒன்றும் கையில் இல்லாத அந்நியன் என்றால் ஒற்றன்தான் என்று பிடித்துப் போனார்கள். ஜன்னலில்லாத நீளக் கொட்டடியில், பாஷை தெரியாத மனிதர்கள் நடுவே வருஷங்கள் போயின. எழுதிக் கொடுத்த கடிதங்களைக் காவலாளிகள் அவன் கண்ணெதிரிலேயே சுருட்டிப் புகைத்தார்கள். ஆட்சி மாறி வெளியே விட்டதும், துறைமுக ஊரில் ஒரு குஜராத்திக் கடைக்காரர் வீட்டில் சமைத்துப் போட்டான். அவர் பிடித்துக் கொடுத்த கப்பலில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலேறினான்.

கொட்டடியில் புத்தி பேதலிக்காமல் இருந்ததற்கு ஒரே ஒரு காரணம் கமலாக்ஷி. தினமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்வான். இன்றைக்குக் கஞ்சியில் புழு, இன்றைக்குப் பக்கத்துக்காரனைக் கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. அவள் அம்மாடி என்பாள், அப்பறம் என்பாள். எதைச் சொல்வது, எதைச் சொன்னால் அவள் பயப்படுவாள் என்றுகூட யோசித்து வைத்திருந்தான். தள்ளிவிட்ட இரண்டு பேரில் ஒருவனுக்கு அப்போது மூச்சு இருந்ததோ என்ற சந்தேகத்தை அவளிடம் மட்டும்தான் சொல்ல முடியும் என்று நினைத்திருந்தான். அது இன்னும் அவன் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது.

மடத்தில் இருந்த நாட்களில் அவள் ஒரே ஒரு தடவை வந்தாள். திரிபுரசுந்தரிக்கு உடம்பு முடியவில்லை என்று சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, நிலைப்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கமலா, கப்பல் ஒடைஞ்ச அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லாதேங்கோ," என்றாள் அவள். "என்கிட்ட ஒண்ணும் சொல்லாதேங்கோ." செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

அன்று அவன் தூக்கைத் திறக்கவே இல்லை. அவளுக்குக் கோபமா, அருவருப்பா என்று உருண்டு உருண்டு யோசித்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மறுநாள் கல்யாணராமன் சாயா கொண்டுவந்தபோது அவனைப் பிடித்து உட்கார வைத்து, ஜெயிலில் தினமும் கமலாவோடு பேசிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டான். கல்யாணராமன் வாய் ஓட்டை என்பது தெருவுக்கே தெரியும். அது அவள் காதுக்குப் போகட்டும் என்றுதான் சொன்னான். போனால் மனசு இளகும் என்று நம்பினான்.

முகூர்த்த நாள் வந்தது. மடத்துக் கூடத்தில் இரண்டு மணை போட்டு, ஓமம் வளர்த்து, மஞ்சள் சரட்டில் தாலியைக் கோத்துத் தேங்காய்மேல் வைத்திருந்தார்கள். லக்ஷ்மிநாராயணன் புது வேஷ்டியோடு ஒரு மணையில் உட்கார்ந்தான். இருபது வயதில் முதல் தடவை உட்கார்ந்தபோது பார்த்தது போலவே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெங்கிட்டு அக்காவை அழைத்து வந்தான். கூறைப்புடவையைக் கையில் வைத்துக்கொண்டு திரிபுரசுந்தரி பின்னால் நின்றாள். கமலாக்ஷி அதை வாங்கவில்லை. அந்தப் பழைய வாயில் புடவையோடேயே கூடத்துக்கு வந்தாள்.

"நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்," என்றாள்.

"முகூர்த்தம் போயிண்டிருக்கு, அம்மா," என்றார் வாத்தியார்.

"போகட்டும்."

இருவரும் உக்கிராண அறைக்குள் போனார்கள். அரிசி மூட்டையும் வாழை இலைக் கட்டுகளும் நடுவே, ஏழு வருஷத்துக்குப் பிறகு அவளோடு தனியாக நின்றான். அவள் பேசுவதற்கு முன் தானே முந்திக்கொண்டான்.

"நிர்ப்பந்தத்துக்காக நீ மணையில உக்கார வேண்டாம், கமலா. இவாளெல்லாம் அவசரப்பட்டு என்னைக் கொளுத்திட்டா. உன்னையும் இந்தக் கோலம் பண்ணிட்டா. உன் பேர்ல ஒரு தப்பும் இல்லை. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"உடல் கெடைக்கலைன்னா பன்னெண்டு வருஷம் காத்திருக்கணும்னு வாத்தியார் சொன்னார். வெங்கிட்டு என் காலைப் பிடிச்சுண்டு அழுதான், வேண்டாங்கா, அத்திம்பேர் வருவார்னு. நான் கேக்கலை. நான்தான் தர்ப்பையை எடுத்து அவன் கையில குடுத்தேன். நான்தான் கொளுத்தச் சொன்னேன்."

கொள்ளி போட ஒரு பிள்ளை இல்லாதவன் செத்தால், பெண்டாட்டி தர்ப்பையை எடுத்துக் கொடுத்துத்தான் இன்னொருவன் கர்மம் செய்யவேண்டும். லக்ஷ்மிநாராயணனுக்கு அது தெரியும். யாரோ அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வைத்திருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"ஏன் கமலா?"

"நித்தம் ராத்திரி நீங்க முங்கிண்டே இருந்தேள். கண்ணை மூடினா தண்ணிக்குள்ள கையை நீட்டுவேள். காலம்பற எழுந்தா யாரோ படி கேறற சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா தபால்காரன், இல்லைன்னா மீன்காரி. எத்தனை நாளைக்கு? எனக்கு அது முடிஞ்சாப் போறும்னு ஆயிடுத்து. அந்த எலைக் கட்டைக் கட்டிண்டு, அந்தத் தேங்காயில மொகத்தை வச்சிண்டு அழுதேன். கொளுத்தினா. ஆத்துக்கு வந்து குளிச்சுட்டுப் படுத்தேன். அன்னிக்குத்தான் நான் நன்னாத் தூங்கினேன். விடியறவரைக்கும் முழிப்பே வரலை."

அந்த ராத்திரி தான் எங்கே இருந்தோம் என்று மனசு தன் போக்கில் தேடிப் பார்த்தது. கொட்டடியில் இருந்திருப்பான். அவளிடம் பேசிக்கொண்டிருந்திருப்பான்.

"நீங்க எப்பவாவது நான் செத்துப்போயிருப்பேன்னு நெனைச்சேளா?" என்று கேட்டாள்.

"நெனைச்சேன்," என்றான் உடனே. "எத்தனையோ தடவை நெனைச்சேன். காய்ச்சல், கீய்ச்சல் வந்து நீ போயிருப்பேன்னு... ஒரு தடவை தர்ப்பணம்கூடப் பண்ணினேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பொய் ஒருநாளும் வராது, சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணமான புதிதில் அவள் அதை வைத்து எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

"கல்யாணராமன் வந்து சொன்னான்," என்றாள். "தெனமும் என்கூடப் பேசிண்டே இருந்தேளாம். நான் பதில் சொல்வேனாம். அவன் சொல்லாம இருந்திருந்தா, கண்ணை மூடிண்டு இன்னிக்கு மணையில உக்காந்திருப்பேன். இனிமே எப்படி உக்காருவேன், சொல்லுங்கோ. நீங்க அங்க என்னை உயிரோட வச்சிண்டிருந்தேள். நான் இங்க உங்களைக் கொளுத்திட்டுத் தூங்கினேன்."

தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மனசை இளக்குவதற்காகச் சொல்லி அனுப்பிய ஒரே ஒரு விஷயம் அவளை இப்படிக் கல்லாக்கிவிட்டது. அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறவில்லை. உதறியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் கை விறகு மாதிரி அவன் கைக்குள் கிடந்தது.

"நான் ஒண்ணும் நெனைக்கலை, கமலா. சத்தியமா. கொளுத்தினது எலையைத்தானே? நான் வந்துட்டேனே. இதோ நிக்கறேனே."

"நீங்க நெனைக்க மாட்டேள். அதான் எனக்குப் பொறுக்கலை. ஒரு அடி அடிச்சிருந்தாக்கூட உக்காந்திருப்பேன்."

"கமலா, எனக்கு வேற யாருமில்லை. உன்கிட்ட சொல்லணும்னு ஒண்ணு வச்சிருக்கேன், யார்கிட்டயும் சொல்ல முடியாது. பக்கத்துல உக்காந்து அதைக் கேட்டாப் போறும். தாலிகூட வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள். முடியாது என்ற ஆட்டல்தான். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பின்கட்டுக் கதவைத் திறந்து, கிணற்றடி வழியாக இறங்கிப் போனாள். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஊர் பார்க்கும் என்பதற்காக இல்லை. கூப்பிட என்ன வார்த்தை மிச்சம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்து மணையில் உட்கார்ந்தான். எதற்காக உட்கார்ந்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. வெங்கிட்டு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரோரம் போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். ஓமத்தில் நெய் விடுவதை நிறுத்திவிட்டு வாத்தியார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"இது போச்சு. ஆவணியில நல்லதா ஒண்ணு இருக்கு. பாக்கட்டுமா?"

லக்ஷ்மிநாராயணன் தேங்காய்மேல் இருந்த தாலியைப் பார்த்தான். அந்தக் கொட்டடியில் கிடந்தபோது, எத்தனை கேவலமாகக் கிடந்தாலும், திரும்பிப் போக அவனுக்கு ஓர் இடம் இருந்தது. இப்போது சொந்த ஊரில், பட்டப்பகலில், இத்தனை பேர் நடுவே அவனுக்குப் போக இடமில்லை.