ஜன்னலுக்கு வந்த கப்பல்

முப்பத்தேழு நாள் காத்திருந்த பிறகு பஸ்யூனியின் படகுக்கு முறை வந்தது. போர்ட் சயீதில் கால்வாய்க்குள் நுழையும் கப்பல், கயிறு கட்டும் படகையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டுதான் போகும். யார் படகு என்பதைப் படகுக்காரர்களின் பட்டியல் சொல்லும். படகு படித்துறையை விட்டுக் கிளம்பினால் முறை தீர்ந்தது, பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். வாரத்துக்கு இரண்டு தடவை முறை வந்த காலத்தில் இந்தச் சட்டம் யாரையும் உறுத்தவில்லை. செங்கடலில் ஏவுகணைகள் பறக்க ஆரம்பித்து, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் நாற்பது படகும் வெயிலில் காய்ந்தன.

தமியாத்தில் நாற்காலிப் பட்டறை வைத்திருந்த மச்சினன் வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்தான். "வந்து மரம் தேய்ங்க மச்சான். தண்ணியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா ரொட்டி மொளைக்குமா?" இந்த முறையும் வீணானால் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு அங்கேயே போய்விடலாம் என்று மனைவி நஜாத்திடம் பஸ்யூனி சொல்லியிருந்தான். சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பட்டியலை வைத்திருக்கும் தலைவர் ஷலபி, படகுக்காரர்களுக்கு ரயிஸ், காலையில் ரேடியோவில் அவன் பெயரை வாசித்தார். பித்தளைப் பிரமிடுகள், பாப்பிரஸ் தாள் படங்கள், தொப்பிகள் என எல்லாவற்றையும் மூட்டை கட்டினான். கப்பலின் நடையில் போர்வை விரித்து மாலுமிகளிடம் விற்றால்தான் இந்தத் தொழிலில் நாலு காசு பார்க்க முடியும். கூட்டாளி ரிஸ்க் கல்யாணத்துக்குப் போவதுபோல் முகம் மழித்து வந்திருந்தான்.

கப்பலைப் பார்த்ததும் ரிஸ்க்கின் முகம் மாறியது. சரக்குக் கிடைக்காமல் மூன்று மாதமாக மிதவையில் கட்டிக் கிடந்த துருப்பிடித்த கப்பல் அது. மேலேயிருந்து காவலாள் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"மொத்தமே மூணு பேருதான் இருக்கோம். தொப்பி வேணாம். ரொட்டி இருந்தா குடுங்க."

தங்கள் காலை ரொட்டியை அவனுக்குக் கொடுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்கள். இழுவைப் படகு கப்பலைக் கரையோர ஹோட்டல் வரை இழுத்துப் போனது. ஹோட்டலின் பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு மேலே 'நமது துறைமுகங்கள்: ஒளிமயமான நாளை' என்று பதாகை தொங்கியது. கோட்டுப் போட்ட சிலர் கோப்பையும் கையுமாக நின்று படம் எடுத்தார்கள். ஜன்னலைத் தாண்டியதும் கப்பல் திரும்பிப் பழைய மிதவைக்கே வந்தது. பஸ்யூனி கயிற்றைக் கட்டினான். அப்போதும் அவனுக்கு முழுசாகப் புரியவில்லை.

அந்த ஹோட்டலில் முதலீட்டாளர் மாநாட்டை நடத்தும் தனியார் கம்பெனியின் ஆள் ஹாஸிம் ரேடியோவில் வந்தான். "பிரமாதம் அண்ணே. முக்கியமான விருந்தாளிங்க இப்பத்தான் டீ குடிச்சிட்டு வர்றாங்க. இன்னொரு தடவை அப்படியே ஓட்டிடுங்க."

"இது கால்வாய்க்குப் போகலையா?"

"சரக்கே இல்லாம எங்க போகும்? சும்மா ஜன்னலுக்குத்தான். கப்பல் ஓடுறதப் பாத்தாத்தானே அவங்க பணம் போடுவாங்க."

பஸ்யூனி ஷலபியைக் கூப்பிட்டான். "ரயிஸ், அப்ப என் முறை?"

"எனக்கும் கப்பல்னுதான் சொன்னாங்கப்பா. ஆனா நீ படித்துறைய விட்டுட்டியே. சட்டம் உனக்குத் தெரியாததா?"

பஸ்யூனி கயிற்றிலிருந்து கையை எடுத்தான். முப்பத்தேழு நாள். பொய்யைப் பொம்மை மாதிரி இழுத்துக் காட்டுவதற்கு அவன் முறைதானா கிடைத்தது? நாளை ஒளிமயமாம். இன்றைக்கு அடுப்பு எரியவில்லை, அதைக் கேட்க ஒரு நாதியில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவிழ்க்கச் சொன்ன கயிற்றை அவன் அவிழ்க்காமல் விட்டதில்லை.

"அவுக்கமாட்டேன்," என்றான்.

"உரிமத்தைப் புடுங்கிருவாங்க, தெரியும்ல?" என்றான் ஹாஸிம்.

"புடுங்கிக்க. என் முறையத் திருப்பிக் குடு, அப்புறம் அவுக்கிறேன்."

ஹாஸிம் ஷலபியிடம் கத்தினான், வேறு படகை அனுப்பச் சொல்லி. ஷலபி பட்டியலின் உச்சிப் பெயரை வாசித்தார். "அவத்."

படித்துறையில் எல்லோரும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கிளம்பினால் தன் முறையும் அந்த ஜன்னலுக்கே போய்ச் சேரும் என்பது அவத்துக்குத் தெரியும்.

"எஞ்சின் மக்கர் பண்ணுது ரயிஸ்."

"தஸூக்கி."

"வயித்து வலி ரயிஸ். எந்திரிக்க முடியல."

"ஸனூஸி."

"எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். கப்பல் வரட்டும், வர்றேன்."

கூப்பிட்டும் போகாதவனை என்ன செய்வது என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. கப்பலுக்குப் போகமாட்டேன் என்று சொன்னவன் இதுவரை இருந்ததில்லை. ஷலபி வாசித்துக்கொண்டே போனார். போகப்போக அவர் குரலில் அவசரம் குறைந்தது, ஒவ்வொரு பெயரையும் அப்பன் பெயரோடு சேர்த்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். தூரத்து ஜன்னலில் விருந்தாளிகள் வந்து நின்று, கட்டிக் கிடக்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் படகும் கிளம்பவில்லை. முப்பத்தொன்பது பெயர் முடிந்து, பட்டியலில் அடிப்பெயர் ஒன்றுதான் மிச்சம்.

"பஸ்யூனி இப்னு கத்தாப்," என்றார் ஷலபி.

"இருக்கேன் ரயிஸ்," என்றான் பஸ்யூனி. "எல்லாரும் விட்டுட்டதால முறை எனக்கே வந்திருச்சு. அடுத்து நெசமா ஒரு கப்பல் வரும்போது போறேன்னு எழுதிக்கங்க."

"எழுதிட்டேன்," என்றார் அவர்.

கயிறு கட்டியபடியே கிடந்தது.